உங்களுக்குத் தெரியுமா? மேற்கே தெரியும் மலைகளில் ஊர்கள் இருந்தன

கல்முனைக் கரையில் பிறந்தவர்களுக்கு முகம் கடலுக்கு, முதுகு மலைக்கு. மழை ஓய்ந்த மார்கழிக் காலையில் வட்டைப் பக்கம் போய் நின்றால் மேற்கே நீலமாக ஒரு மலைவரிசை தெரியும். யானைக்காடு, அவ்வளவுதான் என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறோம். அந்தக் காட்டுக்குள் மடம் இருந்தது, கோட்டை இருந்தது, குளம் கட்டிய ஊர்கள் இருந்தன, குகையில் குடும்பம் நடத்தியவர்களும் இருந்தார்கள். எல்லாரும் எங்கே போனார்கள்? ஒவ்வொரு மலைக்கும் ஒவ்வொரு விடை. அவற்றில் பாதிக்கு மேல் எங்கோ தூரத்துக் கந்தோர் ஒன்றில் எழுதப்பட்ட விடைகள்.

◆

இங்கினியாகலையில் படகுச் சவாரி போனவர்கள் யானை நீந்துவதைப் படம் பிடித்து வந்திருப்பார்கள். ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு அது நீந்துகிறதே, அந்தத் தீவுகள் எவை தெரியுமா? தண்ணீருக்குள் போன பள்ளத்தாக்கின் மலை உச்சிகள்.

நம் மூத்தாப்பாமார் பட்டிப்பளை ஆறு என்று சொன்ன அதே ஆறுதான் கல்லோயா. பதுளைக்குக் கிழக்கே மலையில் பிறந்து, கல்முனைக்குத் தெற்கே சுமார் 16 கிலோமீற்றரில் கடலில் விழுகிறது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைக்கப்பட்டு, மொரிசன் நட்சன் என்ற அமெரிக்கக் கம்பனி இங்கினியாகலையில் இரு குன்றுகளுக்கு நடுவே அணை போட்டது. கொள்ளளவு 770,000 ஏக்கர் அடி. டி. எஸ். சேனநாயக்கவின் பெயரில் அது சமுத்திரமானது. 1954இல் சுற்றியுள்ள காடு தேசிய வனமானது. அணைக்குக் கீழே புதுக் குடியேற்றங்கள் வந்தன. ஊருக்குப் பெயர் வைக்கவும் நேரமில்லாமல் இலக்கம் போட்டார்கள். இன்றைக்கும் ‘12ஆம் கொளனி’ என்றால் பஸ்காரருக்கு இடம் தெரியும். மத்திய முகாம் என்ற ஊர்ப் பெயரும் அந்தக் காலத்துப் பாக்கிதான்.

நம் வட்டைகளில் சிறுபோகம் விளைவது பெரும்பாலும் அந்தத் தண்ணீரால். ஆகவே மூழ்கிய பள்ளத்தாக்கைப் பற்றிப் பேசும்போது நாம் வெளியாள் போலப் பேச முடியாது.

◆

சரி, அந்தப் பள்ளத்தாக்கில் யார் இருந்தார்கள்?

சார்ள்ஸ் செலிக்மன், அவருடைய மனைவி பிரெண்டா. இருவரும் ஆங்கிலேய மானிடவியலாளர்கள். 1908ஆம் ஆண்டளவில் நில்கல, ஹெனெபெத்த, தனிகல பகுதிகளில் வேடர்களோடு தங்கி விவரம் திரட்டினார்கள். அவர்களுடைய நூல் 1911இல் கேம்பிரிட்ஜில் வெளியானது. வேடர்களைப் பற்றி எழுதும் எவரும் இன்றும் அதைப் புரட்டாமல் எழுதுவதில்லை.

அதில் மனதில் நிற்கும் செய்தி குகை வாழ்க்கை. ஹெனெபெத்தவுக்கு அருகே பெந்தியாகல்கே என்று பாறைக்குகைகள். பல குடும்பங்கள் ஒரே குகையில். நடுவே சுவர் இல்லை, திரை இல்லை, தட்டி இல்லை. ஆனாலும் எந்தக் குடும்பத்தின் இடம் எது என்று எல்லாருக்கும் தெரியும். ஒருவர் இடத்துக்குள் மற்றவர் கால் வைப்பதில்லை. நம்முடைய வளவுகளில் வேலிக்கதியால் ஒரு முழம் தள்ளி நட்டதற்காக நீதிமன்றப் படி ஏறுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

மலைத் தேன் எடுக்கிற வித்தையையும் அவர்கள் பதிந்தார்கள். செங்குத்துப் பாறையின் உச்சியிலிருந்து காட்டுக்கொடியால் பின்னிய ஏணியை இறக்கி, புகை போட்டு, அந்தரத்தில் தொங்கிக்கொண்டே தேன்வதையை அறுப்பது.

இன்னொரு செய்தி சிரிப்பையும் வருத்தத்தையும் சேர்த்தே தருவது. தனிகல குன்றின் வேடர்களை வெள்ளைக்காரத் துரைமாருக்குக் ‘காட்டுவது’ அப்போதே வழக்கமாகிவிட்டிருந்தது. துரை வருகிறார் என்றால் கோவணமும் வில்லும் கோடரியுமாக வந்து நிற்பார்கள். பழங்கால மனிதனாக இருப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் என்ற பொருளில் செலிக்மன் குத்தலாகவே எழுதியிருக்கிறார். சுற்றுலாத் துறை என்ற பெயர் வருவதற்கு முன்பே அது இங்கே இருந்திருக்கிறது.

கல்லோயாத் தண்ணீர் ஏறியபோது அவர்களுடைய வேட்டைக் காட்டிலும் தேன் காட்டிலும் நல்ல பகுதிகள் அடியில் போயின. அணைக்குக் கல் நட்ட நாள் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. குகையை விட்டு இறங்கிய நாள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

◆

கரையோர வேடர் என்றும் ஒரு பிரிவினர் உண்டு. வாகரை, பனிச்சங்கேணிப் பக்கம் கடல் தொழில் செய்து, தமிழ் பேசி வாழ்ந்தவர்கள். செலிக்மன் தம்பதியர் அவர்களுக்கென்று ஓர் அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார்கள். மலையிலிருந்து இறங்குவதென்பது 1949இல் தொடங்கிய கதை இல்லை என்பதற்கு இது சாட்சி.

◆

1983 நவம்பர் 9. மாதுறு ஓயா தேசிய வனம் பிரகடனம் செய்யப்பட்ட நாள். வனத்துக்குள் இருந்த வேடர் குடும்பங்களை மகாவலி ‘சி’ வலயத்தில் ஹெனானிகல என்ற புதுக் குடியேற்றத்துக்குக் கொண்டுபோனார்கள். நெற்காணி கொடுத்தார்கள், வீடு கொடுத்தார்கள். தம்பானை வேடர்களின் முதிய தலைவர் திசாஹாமி மட்டும் சில குடும்பங்களோடு அசையவில்லை. 1998இல் மறையும்வரை அவர் அங்கேதான் இருந்தார். மிருகத்துக்கு ஒதுக்கிய காட்டில் மனிதன் இருந்தால் சட்டவிரோதக் குடியிருப்பாளன். அந்த மனிதன் காட்டுக்கு முந்தியவனா பிந்தியவனா என்று வர்த்தமானியில் ஒரு வரிகூட வராது.

◆

அம்பாறையிலிருந்து மஹா ஓயா வீதியில் சுமார் 25 கிலோமீற்றர். இடப்பக்கமா வலப்பக்கமா என்று கேட்டுக்கொண்டு போக வேண்டிய அளவுக்கு அமைதியான இடம்: ராஜகல. ஆயிரம் அடி உயர மலை. அதன் மேலும் சரிவிலும் நூற்றுக்கணக்கான இடிபாடுகள். பிக்குகள் தங்கிய குகைகள், தூபிகள், குளங்கள், கல்லில் செதுக்கிய ஒரு பிரமாண்டமான பாத்திரம், கல்படிகள்.

இந்த மலையின் பெரிய செல்வம் ஒரு சிறிய கல்வெட்டு. பிராமி எழுத்தில் அமைந்த அது, மஹிந்த தேரர், இத்திய தேரர் இருவரின் தாதுக்களை வைத்துக் கட்டிய தூபி இது என்கிறது. அசோகர் காலத்தில் இலங்கைக்குப் பௌத்தம் கொண்டுவந்ததாக மகாவம்சம் சொல்கிற தூதுக்குழுவினரின் பெயர்கள் இவை. நூலில் படித்த பெயர் கல்லில் அகப்படுவது வரலாற்று ஆய்வாளர்களுக்கு அடிக்கடி வாய்ப்பதில்லை.

கி.மு. மூன்றாம் நூற்றாண்டளவில் தொடங்கி ஆயிரம் ஆண்டுக்கு மேல் இந்த மலையில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். பிறகு காடு. பிக்குகள் போன குகைகளில் பிற்காலத்தில் வேடர்கள் தங்கினார்கள். சுவரில் சாம்பல் குழைத்து யானையும் மனிதனுமாக வரைந்தார்கள். 2013 முதல் ஸ்ரீ ஜயவர்தனபுர பல்கலைக்கழகமும் தொல்பொருள் திணைக்களமும் சேர்ந்து துப்புரவு செய்து அகழ்ந்தபிறகுதான் வெளியார் ஏறத் தொடங்கினார்கள்.

மலையில் இருப்பவர்களுக்கு அரிசியும் உப்பும் எண்ணெயும் யாரோ கீழிருந்து கொண்டுபோக வேண்டும். ஆகவே மேலே மடம் இருந்தால் கீழே ஊர் இருந்தது என்று பொருள். கீழே ஊர் கலைந்தால் மேலே அடுப்பு அணையும். கிழக்கின் மலை மடங்கள் பாழானதற்கு இதுவே முக்கிய காரணம் என்பது என் எண்ணம். படையெடுப்பு, பஞ்சம், காய்ச்சல் எதுவாயினும் முதலில் அடிபட்டது அடிவாரக் குளம்.

◆

ஆங்கிலேயர் ‘வெஸ்ட்மின்ஸ்டர் அபே’ என்று பெயர் சூட்டிய மலை இலங்கையில் இருக்கிறது. லண்டன் தேவாலயத்தின் கோபுரம் போல அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. சியம்பலாண்டுவைக்கு அருகே, மொனராகலை மாவட்டமும் அம்பாறை மாவட்டமும் தொடும் பக்கத்தில் செங்குத்தாக நிற்கும் கோவிந்த ஹெலதான் அது. உயரம் 550 மீற்றருக்கு மேல்.

1215இல் கலிங்கத்து மாகன் படையோடு வந்து பொலன்னறுவையைப் பிடித்தான். எதிர்த்தவர்கள் ஆளுக்கொரு மலையில் ஏறினார்கள் என்கிறது சூளவம்சம். சுபன் யாப்பகுவையில், சங்கன் மினிப்பே பக்கம், புவனேகபாகு என்ற இளவரசன் இந்தக் கோவிந்த மலையில். மலைமேல் ஊர் அமைத்து, பிக்குகளையும் அழைத்துக்கொண்டுபோய் இருந்தானாம். இன்று மேலே செங்கல் சுவரின் மிச்சம், பாறையில் வெட்டிய குழிகள், குளம். பகைக்குப் பயந்து ஏறிய ஊர் பகை தீர்ந்ததும் இறங்கிவிடும். மலைக்கோட்டைகளின் ஆயுள் எங்கும் குறுகியது.

◆

கடலில் வந்த வெள்ளைக்காரர்களுக்கு நம் மலைகள் திசை காட்டிகள். மட்டக்களப்பின் குடும்பிமலைக்கு அவர்கள் வைத்த பெயர் ‘பரன்ஸ் கேப்’. திருக்கோவிலுக்குத் தெற்கே சங்கமன்கண்டி மலையும் அப்படி ஒரு குறி. அதன் அருகே கடலுக்குள் நீளும் முனைதான் இலங்கையின் கிழக்கு எல்லைப் புள்ளி.

◆

பாணமைக்குத் தெற்கே, உகந்தை முருகன் கோவிலுக்குப் போகும் வழியில் குடும்பிகல. (குடும்பிமலை வேறு, இது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்கள் பத்திரிகைகளிலும் உண்டு.) இருநூறுக்கு மேற்பட்ட குகைகள். பல நூற்றாண்டு ஆளில்லாமல் கிடந்து, 1954இல் மீண்டும் வனத் துறவிகளின் மடமானது. கைவிட்ட மலைக்கு ஆட்கள் திரும்பி வந்த அபூர்வமான இடம்.

◆

இனி நம்முடைய கதை.

கண்டி இராச்சியத்துக்கு உப்பு எப்படிப் போனது? 1766 உடன்படிக்கையோடு கரை முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. மலையில் உப்பு விளையாது. மாட்டின் முதுகில் பொதி ஏற்றி, மணி கட்டி, வரிசையாக ஓட்டிக்கொண்டு போன தவளக்காரர்கள்தான் கொண்டுபோனார்கள். கரையிலிருந்து உப்பு, கருவாடு, புடவை. மலையிலிருந்து பாக்கு, மிளகு, தேன், மெழுகு. இந்தப் போக்குவரத்துக்கென்று கண்டி அரசில் ‘மடிகே’ என்று தனித் துறையே இருந்தது. அதில் பெரும்பாலானோர் முஸ்லிம்கள். கண்டிய மலைக் கிராமங்களில் முஸ்லிம்கள் எப்படி வந்தார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரு பாதி விடை இந்த மாட்டு வழியில் கிடக்கிறது.

இந்த வழிகளிலும் ஊர்கள் இருந்தன. மாடு இளைப்பாற ஒரு குளம், பொதி இறக்க ஒரு மண்டபம், நாலு வீடு. வண்டிப் பாதை வந்தது, பிறகு லொறி வந்தது. தவளம் நின்றது. தங்குமடத்து ஊர்கள் எவரும் விரட்டாமலே கலைந்தன.

◆

1817-18 வெல்லசக் கிளர்ச்சியின் முதல் முடிச்சிலும் ஒரு முஸ்லிம் பெயர் உண்டு. வெல்லசவின் முஸ்லிம்களைத் திசாவையின் அதிகாரத்திலிருந்து பிரித்து, ஹாஜி என்று அறியப்பட்ட ஒருவரை அவர்களுக்கு முகாந்திரமாக ஆங்கிலேயர் நியமித்தார்கள். திசாவைக்கு அது அவமானம். வெல்லசக் காட்டில் அரச உரிமை கோரி ஒருவர் தோன்றியிருப்பதாகச் செய்தி வந்ததும் பார்த்துவரப் போன ஹாஜி பிடிபட்டுக் கொல்லப்பட்டார். விசாரிக்கப் போன பதுளை உதவி வதிவிட அதிகாரி சில்வெஸ்டர் டக்ளஸ் வில்சனும் அம்புக்கு இரையானார். பிறகு மூண்டது பெரும்போர்.

அடக்குமுறை எப்படி நடந்தது என்பதை அவர்கள் தரப்பு மருத்துவரே எழுதி வைத்திருக்கிறார்: ஜோன் டேவி. விஞ்ஞானி ஹம்ப்ரி டேவியின் தம்பி, ஆளுநர் பிரவுன்ரிக்கோடு இருந்தவர், 1821இல் நூல் வெளியிட்டவர். வீடுகள் எரிந்தன, நெல் எரிந்தது, கால்நடை போயிற்று. போரிலும் நோயிலும் பசியிலும் இறந்த உள்நாட்டார் பத்தாயிரத்துக்குக் குறையாது என்பது அவருடைய மதிப்பீடு. அம்பாறைக்கு மேற்கே உள்ள மலைச்சரிவுகளில் காட்டுக்குள் கிடக்கும் பாழூர்களைப் பற்றிப் பேசும்போது 1818 என்ற ஆண்டைத் தாண்டிப் போக முடியாது. கிளர்ச்சிக்காரர்கள் துரோகிகள் என்ற பழைய அறிவித்தலை இலங்கை அரசு இரத்துச் செய்ய ஏறத்தாழ இருநூறு ஆண்டு பிடித்தது.

◆

இதற்கு இரு நூற்றாண்டு முன்னால் எதிர்த்திசையில் ஒரு பயணம். 1626இல் போர்த்துக்கேயர் தங்கள் ஆட்சிப் பகுதியிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். கண்டி அரசன் செனரத் அடைக்கலம் கொடுத்து, அவர்களில் 4,000 பேரை மட்டக்களப்புப் பக்கம் குடியேற்றினான். இதை எழுதியவர் போர்த்துக்கேயப் பாதிரியார் குவைரோஸ். மேற்குக் கரையிலிருந்து மலை ஏறி, மலையிலிருந்து கிழக்குக் கரைக்கு இறங்கியவர்களின் பேரப்பிள்ளைகளும் நம்மில் இருக்கிறார்கள்.

◆

காட்டுக்குள் பழைய ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது? வேட்டைக்காரருக்கும் மாட்டுப்பட்டிக்காரருக்கும் தெரிந்த வித்தை இது.

முதலில் மரம். நடுக்காட்டில் புளி, மா, பலா சேர்ந்து நின்றால் யாரோ வைத்தவை. தென்னையை நம்பிப் பயனில்லை; ஆள் போன மறு வருடமே யானை குருத்தைப் பிடுங்கித் தின்றுவிடும். புளி நூறு நூற்றைம்பது வருடம் நின்று சாட்சி சொல்லும்.

அடுத்து மண்மேடு. நேர்கோட்டில் நீளமாக ஒரு மேடு போய், நடுவே உடைந்திருந்தால் அது குளக்கட்டு. கட்டின் மேலே மருதும் பாலையும் ஓங்கி நிற்கும். வில்லிலிருந்து அம்பு பாய்ந்த மாதிரி தண்ணீர் ஒரு மாரியில் கட்டை உடைத்துக்கொண்டு போயிருக்கும். திரும்பக் கட்ட ஆள் இருந்திருக்காது. நில அளவைத் திணைக்களத்தின் பழைய ஒரு அங்குல வரைபடங்களைப் பார்த்தால் ‘கைவிடப்பட்ட குளம்’ என்ற குறிப்பு மலையடிவாரம் எங்கும் சிதறிக் கிடக்கும். ஆர். எல். புரோகியர் 1930களில் எழுதிய பண்டைய நீர்ப்பாசன நூலும் அந்தக் குளங்களைப் பற்றியதுதான்.

குளத்துக்குக் கீழே பார்த்தால் ஓட்டுத் துண்டுகள், உடைந்த அம்மி, தேய்ந்த திருகைக் கல். அம்மி கனம். ஊரை விட்டுப் போகிறவர்கள் எதை எடுத்தாலும் அம்மியை விட்டுவிட்டுத்தான் போவார்கள்.

◆

ஊர்களைக் கலைத்ததில் நுளம்புக்கும் பெரிய பங்கு உண்டு. உலர் வலயக் காட்டுக்குள் போனால் காய்ச்சல் என்பது முந்திய தலைமுறைக்குப் பழமொழி போன்ற உண்மை. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, 1946 அளவில், டி.டி.ரி. தெளிக்கத் தொடங்கியபிறகுதான் மலேரியா அடங்கியது. கல்லோயா 1949இல் தொடங்கியது தற்செயல் இல்லை; நுளம்பு விலகிய பிறகுதான் புல்டோசர் வர முடிந்தது.

◆

யுத்த காலம். திருக்கோவிலுக்கு மேற்கே கஞ்சிகுடிச்சாறு, தங்கவேலாயுதபுரம், உடும்பன்குளம். காட்டை ஒட்டிய, பாறைக்குன்றுகள் சூழ்ந்த தமிழ் விவசாயக் கிராமங்கள். 1980களிலும் 1990களிலும் ஆள் அற்றுப் போயின. பல ஆண்டு கழித்துத்தான் மீளக் குடியேறினார்கள். அதே காலத்தில் நம் ஆட்களும் தூரத்து வட்டைகளையும் வாடிகளையும் விட்டுவிட்டுக் கரையோடு ஒடுங்கினார்கள். சேனை காடானது, பட்டி மாடு காட்டு மாடானது. திரும்பிப் போனபோது எல்லைக் கல் நட்டு வன இலாகா நின்றது. இந்தப் பிணக்கு இன்னும் தீரவில்லை.

◆

ஒருவரும் குடியேறாமலே பாழான ஊர் ஒன்றும் நம்மிடம் உண்டு. அக்கரைப்பற்று நுரைச்சோலை. 2004 சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகச் சவூதி அரேபியாவின் நிதியில் 500 வீடுகள். பாடசாலை, வைத்தியசாலை, பள்ளிவாசல் உட்பட முழு ஊர். யாருக்குக் கொடுப்பது என்ற வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், வீடுகள் ஆண்டுக்கணக்காகப் பூட்டிக் கிடந்தன. கதவு நிலை, கூரை எல்லாம் களவு போயின. மலை ஊர்கள் பாழாக நூற்றாண்டு எடுத்தன. இதற்குப் பத்து வருடம் போதுமாக இருந்தது.

◆

வரட்சி காலத்தில் மஸ்கெலியாப் பக்கம் போகிறீர்களா? மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றினால் பழைய மஸ்கெலியா நகரம் தலை காட்டும். 1960களின் கடைசியில் மூழ்கிய நகரம். சண்முகநாதர் கோவிலின் கற்றூண்கள், விகாரை, பள்ளிவாசலின் இடிபாடு, மூன்றும் கூப்பிடு தூரத்தில். கொத்மலையில் கடதொர விகாரையும் விக்டோரியாவில் பழைய தெல்தெனிய நகரமும் அப்படியே. நாட்டுக்கு மின்சாரம் வந்தது இந்த வழியில்.

◆

2014 ஒக்டோபர் 29, காலை நேரம். கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன் வரிசைகளை மூடியது. அங்கே குடியிருப்பது ஆபத்து என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுக்கப்பட்டிருந்தது. போக இடம் கொடுக்காமல் போ என்று சொல்வதை எச்சரிக்கை என்று எப்படிச் சொல்வது? தப்பியவர்கள் தோட்டத் தொழிற்சாலையொன்றில் ஆண்டுக்கணக்காகத் தங்கிய பிறகே புது வீடு கண்டார்கள். பழைய இடம் இப்போது மண்ணும் புல்லும்.

◆

கடலுக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டுத் திருநெல்வேலியில் மாஞ்சோலை. சிங்கம்பட்டி ஜமீன் 1929இல் பாம்பே பர்மா டிரேடிங் கம்பனிக்கு 8,373 ஏக்கர் மலைக்காட்டை 99 வருடக் குத்தகைக்குக் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று வரிசையாக ஊர்கள் பிறந்தன. நாலு தலைமுறை கொழுந்து பறித்தது. 1999 ஜூலை 23இல் இந்தத் தொழிலாளர்களின் கூலிக்காக நடந்த ஊர்வலத்தில் பொலிஸ் தடியடிக்குத் தப்பித் தாமிரபரணியில் இறங்கிய 17 பேர் மாண்டார்கள்.

குத்தகை 2028இல் முடிகிறது. காடு புலிகள் சரணாலயத்துக்கு உரியது. 2024இல் கம்பனி ஆட்களை விருப்ப ஓய்வில் அனுப்பி, வீடுகளைக் காலி செய்யச் சொன்னது. ‘விருப்ப’ என்ற சொல்லுக்கு அங்கே என்ன பொருள் என்று நம் மலையகத்தாரைக் கேட்டால் சொல்வார்கள். ஒரு மலைக்கிராமம் எப்படிப் பாழாகிறது என்று கண்முன்னே பார்க்க விரும்புகிறவர் இப்போது பார்க்கலாம்: முதலில் தொழிற்சாலைச் சங்கு நிற்கும், பிறகு கடை மூடும், பிறகு பஸ் குறையும், பிறகு பள்ளிக்கூடத்தில் பிள்ளை குறையும்.

◆

இந்தியாவின் உத்தராகண்ட் மாநிலத்தில் 2011க்குப் பிறகு மட்டும் 734 கிராமங்கள் ஆளற்றுப் போயின என்று அம்மாநிலக் குடிபெயர்வு ஆணைக்குழு 2018இல் அறிக்கை கொடுத்தது. அங்கே ஆட்களை இறக்கியது அணையும் இல்லை, யுத்தமும் இல்லை. பாடசாலையும் வைத்தியரும் வேலையும் கீழே இருந்தன.

◆

உம்றாவுக்கும் வேலைக்கும் சவூதி போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. மதீனாவுக்கு வடக்கே அல்-உலா. பக்கத்தில் அல்-ஹிஜ்ர், மதாயின் ஸாலிஹ். ஸமூத் கூட்டத்தார் மலைகளைக் குடைந்து வீடு அமைத்த செய்தி குர்ஆனில் வருவதும், ‘அல்-ஹிஜ்ர்’ என்று ஓர் அத்தியாயமே இருப்பதும் நம் பிள்ளைகளுக்கும் தெரியும். தபூக் பயணத்தில் நபியவர்கள் (ஸல்) அந்த இடத்தைத் தங்காமல் விரைந்து கடந்ததாக ஹதீஸ் சொல்கிறது. இன்று அங்கே நிற்கும் நூற்றுக்கு மேற்பட்ட குடைவரைகள் நபதேயர்களின் கல்லறைகள், ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுப் பழையவை என்பது தொல்பொருள் ஆய்வாளர் முடிவு. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்ற சவூதியின் முதல் இடம் அது.

அதே அல்-உலாவில் மலையடிவாரத்து மண்வீட்டுப் பழைய ஊரும் உண்டு. ஏறக்குறைய 900 வீடுகள், ஒன்றோடொன்று முதுகு ஒட்டியவை. கடைசிக் குடும்பம் வெளியேறியது 1983இல். பக்கத்திலேயே மின்சாரமும் குழாய்த் தண்ணீரும் உள்ள புது ஊர் வந்துவிட்டது, வேறு காரணமில்லை.

◆

ருஷியாவின் தாகெஸ்தானில் கம்சுத்ல் என்ற முஸ்லிம் மலைக்கிராமம். உச்சியில் தேன்கூடு போல வீடுகள். அதன் கடைசிக் குடிமகன் தேனீ வளர்த்துக்கொண்டு தனியாக இருந்தவர், 2015இல் மறைந்தார்.

ஜப்பானின் ஷிகொகு தீவில் நகோரோ என்ற மலைக்கிராமத்தில் போனவர்களுக்கும் மாண்டவர்களுக்கும் பதிலாகத் துணிப் பொம்மைகள் செய்து வயலிலும் வகுப்பறையிலும் இருத்தியிருக்கிறார் சுகிமி அயானோ என்ற மூதாட்டி. ஆட்களைவிடப் பொம்மைகள் அதிகம்.

◆

தொல்பொருள் பெயர்ப்பலகையைக் கண்டால் நம் கரையில் பலருக்கு வயிறு கலங்குகிறது. காரணம் இல்லாமல் இல்லை. 2020 ஜூனில் கிழக்கு மாகாணத்தின் தொல்பொருள் மரபுகளுக்கென்று ஜனாதிபதி செயலணி அமைத்தபோது அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. இத்தனைக்கும் இந்த மாகாணத்தில் பெரும்பான்மையாக வாழ்பவர்கள் இந்த இரு சமூகத்தவர். அதற்காக மலைகளையே திரும்பிப் பார்க்காமல் இருப்பது நமக்கு நாமே செய்யும் அநியாயம். ராஜகலவின் பிக்கு, கோவிந்த மலையின் இளவரசன், பெந்தியாகல்கேயின் வேடன், தவளத்தின் பின்னே நடந்த நம் ஆள் எல்லாரும் ஒரே காட்டு வழியில் போனவர்கள். இன்னொருவர் வந்து நம் வரலாற்றை எழுதட்டும் என்று விட்டுவிட்டு, எழுதிய பிறகு குறை சொல்வதில் பயனில்லை.

◆

போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ராஜகலவுக்குக் காலையிலேயே ஏறுங்கள், தண்ணீர் கொண்டுபோங்கள், நாலு மணிக்கு முன் இறங்குங்கள். அந்தியில் அது யானையின் வழி. எங்கும் மண் தோண்டாதீர்கள். புதையல் ஆசையில் தூபியின் நெஞ்சைப் பிளந்து வைத்திருக்கிறார்கள் பல மலைகளில். 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அது குற்றம்.

உங்கள் வீட்டில் எண்பது வயது தாண்டிய போடியாரோ மாட்டுப்பட்டி வைத்திருந்தவரோ இருந்தால் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள்: எந்த வழியாகப் போனீர்கள், எங்கே தங்கினீர்கள், அந்தக் குளத்துக்கு என்ன பெயர், அந்தப் புளியமரத்தடியில் யார் இருந்தார்கள். கேட்டதைப் பெயர், இடம், திசையோடு ஒரு தாளில் எழுதி எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் போடுகிறோம்.